போதும் என்பதைக் கற்ற கதை

(பழைய மாணவர் ஒன்றுகூடலின் இரண்டாம் நாள், ஞாயிறு காலை ஆராதனையில் ஆற்றிய உரை)

 

செயலாளர் போன மாதம் போன் பண்ணி, "அண்ணே, ஞாயிறு காலை தேவசெய்தி நீங்கதான், இருபது நிமிஷம்" என்றார். "தம்பி, நான் பிரசங்கியார் இல்லையே, முப்பத்தைந்து வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன்லா" என்றேன். "அதனாலதான் கேட்கிறேன், நேரத்துக்கு முடிச்சிருவீங்க" என்றார். தலைப்பையும் அவரே கொடுத்துவிட்டார்: தேவனை நம்புதலும் மனநிறைவும். இந்தத் தலைப்பில் பேச எனக்கு என்ன தகுதி என்று யோசித்துப் பார்த்தேன். நம்பிக்கை இருப்பதாக நினைத்துக்கொண்டு ஒரு தடவை பெரிய குழியில் விழுந்திருக்கிறேன். அது ஒன்றுதான் தகுதி. அதைச் சொல்லிவிடுகிறேன்.

நாம் படித்த காலத்தில் ஹாஸ்டல் அறைகளில் ஒரு வசனம் எழுதி ஒட்டியிருக்கும். பிலிப்பியர் நான்காம் அதிகாரம், பதின்மூன்றாம் வசனம். கிறிஸ்து பெலன் தருகிறார், ஆகவே எதையும் செய்ய எனக்குத் திராணி உண்டு என்று பவுல் சொல்கிற அந்த வசனம் உங்களுக்கெல்லாம் மனப்பாடம். பரீட்சைத் தாளின் மூலையில் சின்னதாக ஒரு சிலுவை போட்டு, இந்த வசனத்தை மனதுக்குள் சொல்லிவிட்டுத்தான் நான் பேனாவைத் திறப்பேன். வகையீடு தாளில் எனக்கு 38 மார்க். வசனத்தின் பேரில் குற்றம் இல்லை, நான் படிக்கவில்லை. ஆனால் ஒன்று கவனியுங்கள். அதற்கு முந்தின இரண்டு வசனங்களை யாரும் எழுதி ஒட்டவில்லை. அவற்றில் பவுல் பேசுவது பாஸாவதைப் பற்றியோ, வேலை கிடைப்பதைப் பற்றியோ அல்ல. பட்டினி கிடக்கவும் தெரியும், வயிறார இருக்கவும் தெரியும் என்கிறார். அதையும் காவலில் இருந்துகொண்டு எழுதுகிறார். எதற்கும் திராணி உண்டு என்று அவர் சொன்னது இந்த இரண்டுக்கும் சேர்த்துத்தான்.

எங்கள் வீட்டில் இந்த வசனத்தைச் சொன்னவர்கள் யாரும் கிடையாது. அம்மாவுக்கு வாசிக்கத் தெரியாது. அப்பா நான் ஆறாம் வகுப்பு படிக்கும்போதே இறந்துவிட்டார். அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சின்ன மண்கலயம் இருக்கும். நம்மில் கிராமத்துச் சபைகளில் இருந்து வந்தவர்களுக்கு அது என்ன என்று சொல்லாமலே தெரியும், கைப்பிடி அரிசிக் கலயம். உலையில் போட அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி எடுத்து அதில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். 1965, 66-ம் வருஷங்களின் அரிசிப் பஞ்சம் பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ரேஷன் கடையில் கோதுமையும் மைலோவும் வாங்கித் தின்ற காலம். அப்போதும் அம்மா, கிடைத்த அரை உழக்கில் ஒரு பிடி எடுப்பாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. "எங்க வயித்துல இருந்து எடுத்துக் கோயிலுக்குக் குடுக்கியா?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா அடிக்கவில்லை. "இருக்கதுலதான எடுக்கேன்?" என்றாள். அவ்வளவுதான் பதில். எடுத்த பிடி கொஞ்சம் சின்னதாகத்தான் இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும்.

அப்படிப்பட்டவளின் மகன் நான். படித்து, கணக்கு வாத்தியாராகி, கல்யாணமாகி, பிள்ளைகள் பிறந்து, 1996-க்கு வந்துவிடுகிறேன்.

அந்த வருஷங்களில் நம் ஊர்களில் மூலைக்கு ஒரு பைனான்ஸ் கம்பெனி முளைத்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். வங்கியில் பன்னிரண்டு, பதின்மூன்று சதவீதம் வட்டி. இவர்கள் இருபத்துநாலு தருகிறோம் என்றார்கள், சிலர் முப்பது என்றார்கள். கணக்கு வாத்தியாருக்கு அதில் ஒரு கணக்கு உதித்திருக்க வேண்டும்: எனக்கு இருபத்துநாலு கொடுக்கிறவன் எதில் போட்டு அதற்கு மேல் சம்பாதிப்பான்? உதிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் உதித்தது, நான்தான் உட்கார விடவில்லை. மூத்த மகளுக்கு அப்போது வயது இருபது. ஊரில் எனக்கு வந்த பங்கு நிலத்தை விற்ற காசு, பி.எஃப். லோன், இரண்டும் சேர்த்து ஒரு லட்சத்து எண்பதாயிரம். நவம்பர் மாதம் கொண்டுபோய்ப் போட்டேன். ஏ.சி. ஹால், மெத்தை நாற்காலி, குடிக்கக் குளிர்பானம். மாதம் பிறந்தால் 3,600 ரூபாய் கைக்கு வந்தது.

போடுவதற்கு முன் மூன்று நாள் ஜெபம் பண்ணினேன், நண்பர்களே. அதுதான் இந்தக் கதையில் எனக்கு மிகவும் வெட்கமான இடம். ஜெபம் பண்ணும்போதே எந்தப் பதில் வேண்டும் என்று முடிவு பண்ணிவிட்டேன். பேராசைக்கு ஒரு வசனத்தைத் தேடிப் பிடித்துச் சட்டை மாட்டிவிட்டேன். அடுத்த மாதம் சபையின் சாட்சிக் கூட்டத்தில் எழுந்து நின்று, என் மகள் கல்யாணத்துக்குக் கர்த்தர் வழி திறந்தார் என்று சாட்சியும் சொன்னேன். கம்பெனியின் பெயரைச் சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வாசலில் கேட்டவர்களுக்குச் சொன்னேன்.

வாசலில் கேட்டவர்களில் ஒருவர் எங்கள் கோயில் குட்டியார். மணி அடிப்பது, ஆலயம் பெருக்குவது, ஆராதனைக்கு முன் எல்லாம் எடுத்து வைப்பது அவர் வேலை. என்னைவிடப் பத்து வயது மூத்தவர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். அவரிடம் 12,000 ரூபாய் இருந்தது. எத்தனை வருஷத்துச் சேமிப்போ. "சார்வாள் சொல்லுதிய, அப்ப சரியாத்தான் இருக்கும்" என்றார். நானே ஸ்கூட்டரில் பின்னால் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனேன். மாதம் 240 ரூபாய் வட்டி. முதல் மாத வட்டியில் பத்தில் ஒன்று, 24 ரூபாயைக் கவரில் போட்டுக் காணிக்கைத் தட்டில் வைத்தார்.

பதினாலு மாதம் வந்தது. 1998 பிப்ரவரியில் போனால் ஷட்டர் இறங்கியிருக்கிறது, வாசலில் முன்னூறு பேர். இதுபோல மாநிலம் முழுக்க நடந்தது. முதலீடு செய்தவர்களைப் பாதுகாக்க என்று தமிழக அரசு 1997-லேயே ஒரு தனிச் சட்டம் கொண்டுவரும் அளவுக்கு நிலைமை இருந்தது. நானும் வரிசையில் நின்று புகார் மனு எழுதிக் கொடுத்தேன்.

முதல் இரண்டு வாரம் சாப்பாடு இறங்கவில்லை. அப்புறம் நம் கிறிஸ்தவப் பழக்கப்படி நானே எனக்குப் பிரசங்கம் பண்ணிக்கொண்டேன். போதுமென்ற மனமே பொன் செய்யும் மருந்து. கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார். இப்படி மனதைத் தேற்றிக்கொண்டு குட்டியார் வீட்டுக்கும் ஆறுதல் சொல்லப் போனேன். வேதத்தைத் திறந்தும்விட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். அடுப்படியில் இருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"போதும்ங்கிற மனசு உங்களுக்கு வரும் சார். முதல் தேதி சம்பளம் வருதுல்லா. எங்களுக்கு அரிசில்லா வரணும்?"

வேதத்தை மூடிவிட்டேன். காபி வந்தது. அதைக் குடித்துவிட்டு எழுந்து வந்தேன். என்னைப் பார்த்து அந்த அம்மாள் ஒரு கெட்ட வார்த்தை சொல்லியிருந்தால்கூட எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அன்றைக்கு ராத்திரி பிலிப்பியர் நான்காம் அதிகாரத்தை முதன்முறையாக முழுதாக வாசித்தேன் என்று சொல்லலாம். மாணவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். பவுல் மனநிறைவு எனக்குப் பிறவியிலேயே இருந்தது என்று சொல்லவில்லை, ஜெபம் பண்ணினேன், உடனே வந்தது என்றும் சொல்லவில்லை. கற்றுக்கொண்டேன் என்கிறார். மனரம்மியம் என்று நம் பழைய வேதத்தில் இருக்கும் இடத்தில் கிரேக்கத்தில் அவர் எழுதின சொல் அவுத்தார்க்கேஸ். தனக்குத் தானே போதுமானவன், வெளியே எதையும் சாராதவன் என்று அர்த்தம். ஸ்தோயிக்கர் என்ற தத்துவக்காரர்கள் பெருமையோடு சொல்லிக்கொண்ட வார்த்தை. அதை எடுத்து வைத்துவிட்டு, இரண்டே வசனம் தள்ளி, என்னைப் பலப்படுத்துகிறவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி வார்த்தையின் குடலையே உருவிவிடுகிறார் பவுல்! நடுவில் இன்னொரு சொல்லும் இருக்கிறது. அந்தக் காலத்து இரகசியச் சடங்குகளில் தீட்சை பெறுகிறவர்களுக்குச் சொல்லும் வார்த்தை. பசிக்கும் தீட்சை உண்டு, நிறைவுக்கும் தீட்சை உண்டு என்கிறார். தீட்சை என்றால் சும்மா கிடைக்காது, உள்ளே போய் வர வேண்டும்.

ஆனால் அன்று ராத்திரி என்னைப் பிடித்து நிறுத்தினது அவை எல்லாவற்றுக்கும் அடுத்து வருகிற பதினாலாம் வசனம். எனக்கு எல்லாம் போதும் என்று இவ்வளவு சொன்ன மனுஷன், ஆனாலும் என் கஷ்டத்தில் நீங்கள் பங்கெடுத்தது நல்ல காரியம் என்று எழுதுகிறார். பிலிப்பி சபையார் எப்பாப்பிரோதீத்து கையில் உதவி அனுப்பியிருக்கிறார்கள். கொண்டுவந்த அந்த மனுஷன் வியாதிப்பட்டுச் சாகக் கிடந்து பிழைத்திருக்கிறான். பவுல் தனக்குத்தான் போதும் என்று சொல்லிக்கொள்கிறார். அவர்களும் பவுலுக்குப் போதும் என்று நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. போதும் என்கிற வார்த்தையை நான் என் வாயிலிருந்து எனக்குச் சொல்லிக்கொள்ளலாம். குட்டியாரின் பானையை எட்டிப் பார்த்து அவருக்குச் சொல்ல எனக்கு அதிகாரம் கிடையாது. அதுவும் காலியானதற்கு நானே காரணமாக இருக்கும்போது!

மறுநாள் அவரிடம் போய், "அண்ணாச்சி, பன்னிரண்டாயிரத்தையும் நான் தந்திருதேன். ஒரேயடியா முடியாது, மாசாமாசம்" என்றேன். நீங்க என்ன செய்வீங்க சார், உங்களதும்தான போச்சு என்று மறுத்தார். நான் விடவில்லை. கடைசியில் ஒத்துக்கொண்டார், ஆனால் ஒரு நிபந்தனை. "நான் வாங்கின வட்டியைக் கழிச்சிருங்க சார்வாள். அது எனக்கு வந்துட்டுல்லா?" என்றார். பதினாலு மாதம், 240 ரூபாய், ஆக 3,360. மீதி 8,640. மாதம் 360 வீதம் இருபத்துநாலு மாதம். கணக்கு மீதியில்லாமல் வகுபட்டதில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம்.

நானாக இருந்தால் கழிக்கச் சொல்லியிருப்பேனா? மாட்டேன். வட்டியையும் சேர்த்துக் கேட்டிருப்பேன். எட்டாம் வகுப்புகூடத் தாண்டாத அந்த மனுஷன் போதும் என்றால் என்ன என்று அந்த ஒரு வாக்கியத்தில் செய்து காட்டினார். நான் வேதத்தைத் திறந்து அவருக்குச் சொல்லப் போன விஷயம் அது.

இஸ்ரவேலருக்கு வனாந்தரத்தில் மன்னா விழுந்ததைச் சண்டே ஸ்கூலில் படித்திருக்கிறோம். யாத்திராகமம் பதினாறு. ஆளுக்கு ஒரு ஓமர் அளவு. மிச்சம் பிடித்து வைத்தது காலையில் புழுத்து நாறியது. ஆனால் ஆறாம் நாள் இரண்டு மடங்கு சேர்க்கச் சொல்லியிருக்கிறது, அது நாறவில்லை. அதனால் சேமிப்பே அவிசுவாசம் என்று யாரும் என் வாயில் போட்டுவிட வேண்டாம்! இன்ஷூரன்ஸ் எடுங்கள், பி.எஃப். பிடிக்கட்டும், வீட்டு வாடகையை நேரத்துக்குக் கொடுங்கள். எனக்குப் புழுத்தது பணம் சேர்த்ததால் அல்ல. மாதம் 3,600 வந்த பதினாலு மாதமும் நான் ஒரு நாளாவது நிம்மதியாக இருந்தேனா என்று யோசித்தால், இல்லை. அடுத்த லோனை எங்கே வாங்கி அதில் போடலாம் என்றுதான் நினைப்பு ஓடியது. பக்கத்து வீட்டுக்காரர் முப்பது சதவீதக் கம்பெனியில் போட்டிருக்கிறார் என்று தெரிந்த அன்று எனக்குத் தூக்கமில்லை.

கர்த்தரை நம்பினால் போனதெல்லாம் திரும்பி வரும் என்றும் நான் சொல்ல மாட்டேன். நம் மாவட்டத்திலேயே, நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிற டோனாவூரில், ஏமி கார்மைக்கேல் அம்மையார் இருந்தார்கள். பணத்துக்காக யாரிடமும் கை நீட்டுவதில்லை என்ற கொள்கையோடு நூற்றுக்கணக்கான பிள்ளைகளை வளர்த்தவர்கள். 1931-ல் ஒரு குழியில் தவறி விழுந்து கால் முறிந்தது. எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. 1951-ல் இறக்கும்வரை சுமார் இருபது வருஷம் பெரும்பாலும் அந்த ஒரு அறைக்குள்தான். அங்கே இருந்துதான் பல புத்தகங்களை எழுதினார்கள். தமக்குக் கல்லறைக் கல் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அந்த இடத்தில் பறவைகளுக்கான ஒரு நீர்த்தொட்டி இருக்கிறது. முன்பு அங்கே போனபோதெல்லாம் மரங்களையும் மலையையும் பார்த்துவிட்டு, கட்டுச்சோற்றைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். 1998-க்குப் பிறகு போனபோது அந்த அறையில் கொஞ்ச நேரம் நின்றேன்.

மகள் கல்யாணம் என்னாயிற்று என்று பெண்கள் பக்கம் கேட்பது எனக்குக் கேட்கிறது. அவள் பி.எட். முடித்து வேலைக்குப் போய், 2001-ல் நல்லபடியாக நடந்தது. பந்தல் கிடையாது, கோயில் காம்பவுண்டிலேயே சாப்பாடு. பாயசத்தில் முந்திரி எண்ணித்தான் விழுந்தது.

நான் முழுதாகக் குணப்பட்டுவிட்டேன் என்று மட்டும் எண்ணிவிடாதீர்கள். 2009-ல் ஓய்வு பெற்றபோது மொத்தமாக ஒரு தொகை வந்தது. பதினைந்து நாளைக்குள் மூன்று உறவுக்காரர்கள் மூன்று திட்டத்தோடு வந்தார்கள், மனை, ஈமு கோழி, இன்னொன்று மறந்துவிட்டது. உள்ளங்கை அரித்தது, ஐயா! அதே பழைய அரிப்பு. பட்டினிக்கு மட்டுமில்லை, நிறைவுக்கும் தீட்சை வேண்டும் என்று பவுல் ஏன் சொன்னார் என்று அன்றைக்குப் புரிந்தது. என் மனைவி ஒன்றும் பேசவில்லை. அலமாரியில் இருந்த பழைய கம்பெனிப் பத்திரத்தை எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்தப் பத்திரம் இன்றும் எங்கள் வீட்டில் இருக்கிறது.

தம்பி தங்கைமாரே, உங்களுக்கு ஏ.சி. ஹால்கூடத் தேவையில்லை, எல்லாம் கைபேசிக்குள்ளேயே வந்துவிடுகிறது. ஐந்து நிமிஷத்தில் கடன், ஒரு மாதத்தில் இரட்டிப்பு. கொண்டுவருகிறவன் முன்பின் தெரியாதவனாக இருக்க மாட்டான். உங்கள் சீனியராக இருப்பான், கூடவே ஜெபம் பண்ணுகிறவனாகவும் இருப்பான். நானும் அப்படித்தான் குட்டியாரிடம் போனேன். ஆண்டவர் வழி திறந்தார் என்று யாராவது உங்களிடம் சொன்னால், மரியாதையாகக் கேட்டுவிட்டு, வட்டி எங்கேயிருந்து வருகிறது என்று ஒரு கேள்வியும் கேளுங்கள். அதைக் கேட்பது அவிசுவாசம் இல்லை. நீங்களே அப்படிச் சாட்சி சொல்லப் போகிறவராக இருந்தால், அதைக் கேட்டுக்கொண்டு கடைசி வரிசையில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

செயலாளர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஒரே நிமிஷம்.

2000-ம் வருஷம் மே மாதம் கடைசித் தவணை. அதை மட்டும் புது நோட்டாக வாங்கி, ஒரு கவரில் போட்டு எடுத்துப் போனேன். ஞாயிறு சாயங்காலம், ஆலயத்தைப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். அவர் துடைப்பத்தைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, நோட்டுகளை இரண்டு தடவை எண்ணினார். சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன டைரியை எடுத்து, இருபத்துநாலாவது கோட்டையும் போட்டார். "சரியா இருக்கு சார்வாள்" என்றார். நான் யோசித்து வைத்த பேச்சை ஆரம்பித்தேன். "செத்த இருங்க, முதல் மணிக்கு நேரமாச்சு" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைப் பிடிக்கப் போய்விட்டார்.

மெஸ்ஸில் பொங்கல் ஆறுகிறது என்று நினைக்கிறேன். எழுந்து நிற்போம், ஜெபிப்போம்.